பூவும் தலையும் ஒரே பக்கத்தில்: பழைய இங்கிலாந்து வெள்ளிக்காசுகளைப் படிக்கப் பழகுதல்

விளிம்பு கோணலாக இருக்கிறது, ஆகவே இது போலி. முகம் மழுங்கிப் போயிருக்கிறது, ஆகவே நெடுங்காலம் புழங்கித் தேய்ந்தது. 400 ஆண்டுப் பழமை கொண்டது, ஆகவே லட்சக்கணக்கில் விலை போகும். பழங்காசு சேர்ப்பதில் புதிதாக ஆர்வம் கொண்டவர்களிடம் இந்த மூன்று முடிவுகளையும் அடிக்கடி கேட்கிறேன். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் அடிக்கப்பட்ட வெள்ளிக்காசுகளைப் பொறுத்தவரை மூன்றுமே பெரும்பாலும் தவறாகிவிடுகின்றன. இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் நாணயத்தை அளவுகோலாக வைத்து அன்றைய காசை எடைபோடுவதுதான் இந்தத் தவறுகளுக்கெல்லாம் மூலம். அன்றைய காசு வேறு வகைப் பொருள். அது எப்படி வேறு என்று விளங்கிக்கொண்டால், அதன் முகத்தில் உள்ள ஒவ்வொரு குறியும் ஏன் அங்கே இருக்கிறது என்பதும் தானாகவே விளங்கும்.

காசு என்பது எடைபோட்ட வெள்ளி

நகைக்கடையில் வெள்ளிக் கொலுசு வாங்கியவர்கள் அதன் கொக்கிக்கு அருகில் 925 என்ற சிறிய எண்ணைப் பார்த்திருப்பார்கள். 1000 பங்கு உலோகத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு என்பது அதன் பொருள். இந்தக் கலப்பு அளவுக்குத்தான் ஸ்டெர்லிங் தரம் என்று பெயர். இங்கிலாந்து இடைக்காலத்திலிருந்தே தன் வெள்ளிக்காசுகளுக்கு வைத்திருந்த தரமும் இதுவே.

இன்றைய பத்து ரூபாய் நாணயம் எவ்வளவு தேய்ந்தாலும் பத்து ரூபாய்தான். ஏனெனில் அதன் மதிப்பு அரசின் வாக்குறுதியில் இருக்கிறது, உலோகத்தில் இல்லை. அன்றைய ஷில்லிங்கின் மதிப்போ பெரும்பாலும் அதற்குள் இருந்த வெள்ளியிலேயே இருந்தது. முதலாம் எலிசபெத் காலத்தில் ஏறத்தாழ 373 கிராம் எடையுள்ள ஒரு டிராய் பவுண்டு ஸ்டெர்லிங் வெள்ளியிலிருந்து 60 ஷில்லிங் அடித்தார்கள். 1601 முதல் 62 ஷில்லிங் அடித்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு ஷில்லிங் முதலில் 6.2 கிராமும் பின்னர் 6 கிராமும் இருந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய் என்று கணக்குப் பார்த்த நம் பெரியவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. 12 பென்ஸ் காசு 6 கிராம் என்றால் ஆறு பென்ஸ் காசு 3 கிராம், மூன்று பென்ஸ் காசு ஒன்றரை கிராம் என்று எடையும் மதிப்பும் கைகோத்தே இறங்கும்.

எடைக்கு இருந்த இந்த ஆதிக்கத்துக்கு ஓர் உதாரணம் போதும். 1600-ல் தொடங்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, தன் முதல் பயணத்துக்காகத் தனி வெள்ளிக்காசுகளை லண்டனில் அடித்துக்கொண்டது. அவற்றில் எலிசபெத்தின் பெயரும் அரச சின்னமும் இருந்தன; எடை மட்டும் ஷில்லிங் கணக்கில் இல்லை, ஆசியச் சந்தைகளில் வியாபாரிகள் பழகியிருந்த ஸ்பானிய ரியால் கணக்கில் இருந்தது. அப்படியும் அந்தக் காசுகள் எடுபடவில்லை. பழகிய ஸ்பானிய வெள்ளிக்கே கம்பெனி திரும்ப வேண்டியிருந்தது.

ஆகவே முதல் பாடம் இது: காசைப் பார்ப்பதற்கு முன் எடைபோட வேண்டும். 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு, பூதக்கண்ணாடிக்கும் முந்தைய கருவி.

மூக்கு சிவந்த அரசர்

காசின் மதிப்பு வெள்ளியில் இருக்கிறதென்றால், வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டி அதே பெயரில் காசை வெளியிட்டால் மிச்சம் யாருக்கு? அரசருக்கு. எட்டாம் ஹென்றி போர்ச்செலவுக்குப் பணம் தேடி 1544 முதல் இதைத்தான் செய்தார். காசில் வெள்ளியின் பங்கு பாதியாகி, பிறகு மூன்றில் ஒன்றாகியது. அவர் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1551-ல், நான்கில் ஒன்றுவரை இறங்கியது. உலோகத்தின் தரத்தை இவ்வாறு வேண்டுமென்றே தாழ்த்துவதைத் தரக்குறைப்பு என்பார்கள்.

புதிதாக அடித்த காசின் மேற்பரப்பு வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. ஆனால் ஹென்றியின் முகம் நேர்முகமாகப் பொறிக்கப்பட்டிருந்ததால், கைபட்டு முதலில் தேய்ந்தது மேடான மூக்கு. உள்ளிருந்த செம்பு அங்கேதான் முதலில் எட்டிப் பார்த்தது. மக்கள் அரசருக்குச் 'செம்பு மூக்கர்' என்று பெயர் வைத்தார்கள். இக்காலக் காசுகளின் செந்நிறத்தைக் கண்டு போலி என்று ஒதுக்குகிறவர்கள், அரச ஆணைப்படியே அப்படி அடிக்கப்பட்ட உண்மைக் காசை ஒதுக்கிவிடக் கூடும்.

1551-லேயே எட்வர்டின் அரசு நல்ல வெள்ளிக்குத் திரும்பத் தொடங்கினாலும், புழக்கத்தில் கிடந்த மட்டக்காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கும் பெரும்பணி எலிசபெத்தின் ஆட்சியில், 1560–61-ல்தான் நடந்தது. அந்த இடைவேளையில் எட்வர்டின் மட்ட ஷில்லிங்குகளை மக்கள் பிரித்தறிவதற்காக ஒரு சிறு முத்திரை குத்தினார்கள். கோட்டை வாசலில் மேலிருந்து இறங்கும் இரும்புக் கிராதியின் உருவம் இருந்தால் அது நாலரை பென்ஸ்; வேட்டைநாயின் உருவம் இருந்தால் இரண்டேகால் பென்ஸ் மட்டும். அரசே தன் காசின் மேல் 'இது இவ்வளவுதான் பெறும்' என்று எழுதிக் கொடுத்த அந்த முத்திரைக் காசுகள் இன்று மிக அரிதாகவே கண்ணில் படுகின்றன.

சம்மட்டி அடியும் தபால் முத்திரையும்

அஞ்சல்தலை மேல் விழும் தபால் முத்திரையைப் பாருங்கள். சில நேரம் வட்டம் முழுதாக விழும். சில நேரம் பாதி உறைக்கு வெளியே போய்விடும். சில நேரம் ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் பதியும். அதற்காக யாரும் அதைப் போலி முத்திரை என்று சொல்வதில்லை. கையால் குத்தியதென்றால் அப்படித்தான் இருக்கும்.

இந்தக் காசுகளும் அப்படிக் கையால் அடிக்கப்பட்டவையே. நாணயம் அடிக்கும் இடத்துக்குத் தமிழில் அக்கசாலை என்ற பழைய, அழகான சொல் இருக்கிறது. லண்டன் டவர் கோட்டைக்குள் இருந்த அக்கசாலையில், உருவம் எதிர்மறையாகச் செதுக்கப்பட்ட ஓர் எஃகு அச்சை மரக்கட்டையில் ஊன்றி நிறுத்துவார்கள். வெட்டிய வெள்ளித் தகட்டை, அதாவது வில்லையை, அதன் மேல் வைத்து, இன்னோர் அச்சை மேலே பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். ஒரே அடியில் இருபக்கமும் பதிந்துவிடும். மேல் அச்சைப் பிடித்த கை சற்று விலகினால் உருவம் ஒரு பக்கம் ஒதுங்கும். வில்லை முழு வட்டமாக இல்லாவிட்டால் காசும் இராது. அடியின் வேகத்தில் விளிம்பு சிறிது வெடிக்கும். முன்பக்கத்தை நேராகப் பிடித்துக் காசைத் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாகவோ சாய்ந்தோ இருக்கும். இரண்டு அச்சுகளையும் ஒரே திசையில் நிறுத்தும் ஏற்பாடு அந்தக் கையடிப்பில் இல்லை.

முகம் மழுங்கியிருப்பதற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. மெல்லிய வில்லையின் ஒரே இடத்தில் முன்பக்கம் முகமும் பின்பக்கம் கேடயமும் மேடாக எழ வேண்டுமானால், அந்த இரண்டு பள்ளங்களையும் நிரப்ப அங்கே போதிய உலோகம் இருப்பதில்லை. கன்னமும் காதும் எழாமலே நின்றுவிடும். இதற்குத் தளர்ந்த அடி என்று பெயர். தேய்மானத்திலிருந்து இதைப் பிரித்தறிய எளிய வழி, சுற்றியுள்ள எழுத்துகளைப் பார்ப்பது. முகம் மழுங்கி, எழுத்துகள் கூர்மையாக இருந்தால், அந்தக் காசு அதிகம் புழங்கவில்லை, பிறந்ததே அப்படித்தான்.

கோணல் விளிம்புக்கு இன்னொரு காரணம் குற்றம். காசின் ஓரத்தைக் கத்தரித்து வெள்ளித் துணுக்குகளைச் சேர்த்து உருக்கி விற்றவர்கள் இருந்தார்கள். சட்டப்படி அது ராஜத்துரோகம், தண்டனை மரணம்; ஆனாலும் நிற்கவில்லை. உருவம் ஒதுங்கிய காசில் ஒரு பக்கம் எழுத்து வெளியே போயிருந்தால் எதிர்ப்பக்கம் வெறும் ஓரம் மிஞ்சியிருக்கும், எடையும் சரியாக இருக்கும். கத்தரித்த காசிலோ எழுத்து வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டிய புள்ளி வரிசை பல இடங்களில் காணாமல் போயிருக்கும், எடையும் குறையும்.

சுருக்கமாக: ஒழுங்கின்மை கையடிக் காசின் இயல்பு. எந்த ஒழுங்கின்மை அடியால் வந்தது, எது கத்தரியால் வந்தது என்பதைத் தராசும் எழுத்து வளையமும் சொல்லிவிடும்.

ஓர் ஆறு பென்ஸ் காசு

இப்போது ஒரு காசைக் கையில் எடுப்போம். என்னிடம் உள்ள எலிசபெத்தின் ஆறு பென்ஸ், நம் பழைய எட்டணா நாணயத்தை நினைவூட்டும் அகலம் கொண்டது, ஆனால் அதைவிட மிக மெல்லியது. விரல்களுக்கிடையில் அழுத்தினால் வளைந்துவிடுமோ என்று அச்சம் தரும். எடை 2.8 கிராம். முன்பக்கம் இடது நோக்கிய அரசியின் முகம், கழுத்தைச் சுற்றி மடிப்புக் கழுத்துப்பட்டி, தலையில் கிரீடம். கிரீடத்துக்குப் பின்னால், கூந்தலை ஒட்டி, ஐந்து இதழ்கள் கொண்ட ஒரு சிறிய ரோஜா. பின்பக்கம் ஒரு கேடயம், அதன் மேல் விளிம்புவரை நீளும் ஒரு சிலுவை, கேடயத்துக்கு மேலே 1571 என்ற ஆண்டு.

காசைச் சுண்டிவிட்டுப் 'பூவா, தலையா' என்று கேட்கிறவர்கள் நாம். இந்தக் காசில் பூவும் தலையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன; அந்தப் பூவுக்கு ஒரு வேலையும் இருக்கிறது.

எலிசபெத்தின் அக்கசாலை ஷில்லிங், ஆறு பென்ஸ், நான்கு பென்ஸ், மூன்று பென்ஸ், இரண்டு பென்ஸ், ஒன்றரை பென்ஸ், ஒரு பென்னி, முக்கால் பென்னி என்று இறங்குவரிசையில் காசுகளை வெளியிட்டது. எல்லாவற்றிலும் அதே அரசி, அதே பக்கம் நோக்கிய முகம். மதிப்பு எதிலும் எழுதப்படவில்லை. மூன்று பென்ஸுக்கும் இரண்டு பென்ஸுக்கும் இடையில் அரை கிராம்தான் வித்தியாசம். மங்கலான வெளிச்சத்தில், அவசரத்தில், கடைக்காரர் எப்படிப் பிரிப்பார்? வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றுக்குப் பூவை வைத்தார்கள். ஷில்லிங்குக்குப் பூ இல்லை, ஆறுக்கு உண்டு, நான்குக்கு இல்லை, மூன்றுக்கு உண்டு, இரண்டுக்கு இல்லை, ஒன்றரைக்கு உண்டு, பென்னிக்கு இல்லை, முக்காலுக்கு உண்டு. அடுத்தடுத்த அளவுகளில் ஒன்றில் பூ இருக்கும், ஒன்றில் இராது. குழப்பத்துக்கு வழியே இல்லை. பூ உள்ள காசுகளில் ஆண்டும் இருக்கும். பழங்காசு உலகில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முக்கால் பென்னி என்ற விசித்திரமான மதிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கால் பென்னிப் பொருளுக்குக் கால் பென்னி எடையில் வெள்ளிக்காசு அடித்தால் அது 0.13 கிராம்தான் இருக்கும், விரலிடுக்கில் தொலைந்துவிடும். அதற்குப் பதில், வாங்குகிறவர் ஒரு பென்னியைக் கொடுத்து, முக்கால் பென்னியை மீதியாகப் பெற்றுக்கொண்டார். அடிக்க முடியாத காசின் வேலையை இரண்டு காசுகள் சேர்ந்து செய்தன.

மருந்து அட்டையில் உள்ள எண்ணைப் போல

எழுத்து வளையம் தொடங்கும் இடத்தில், அரசியின் கிரீடத்துக்கு மேலே, ஒரு சின்னஞ்சிறு உருவம் இருக்கும். என் காசில் அது ஒரு கோட்டை. வேறு காசுகளில் அம்புமுனை, சிங்கம், வாள், மணி, பிறைநிலா, கை, சாவி, நங்கூரம். இதற்குத் தொடக்கக் குறி என்று பெயர் சொல்லலாம். இதை அலங்காரம் என்றோ, அடித்த ஊரின் சின்னம் என்றோ நினைப்பது பரவலான தவறு.

மாத்திரை அட்டையில் 'பேட்ச்' எண் போடுவது எதற்கு? தரத்தில் குறை கண்டால் எந்தத் தொகுதியில் நடந்தது என்று கண்டுபிடிப்பதற்கு. தொடக்கக் குறியும் அதற்காகவே வந்தது. அடிக்கும் காசுகளில் சிலவற்றை அவ்வப்போது எடுத்து ஒரு பெட்டியில் பூட்டி வைப்பார்கள்; குறித்த காலம் கழிந்ததும் பொற்கொல்லர்கள் அடங்கிய நடுவர் குழு பெட்டியைத் திறந்து எடையையும் தரத்தையும் சோதிக்கும். அதற்குப் பெட்டிச் சோதனை என்று பெயர். அந்தச் சோதனை இன்றும் லண்டனில் ஆண்டுதோறும் நடக்கிறது. ஒரு சோதனை முடிந்ததும் குறியை மாற்றிவிடுவார்கள். எனவே ஆண்டு பொறிக்கப்படாத எலிசபெத்தின் ஷில்லிங்கைக் கூட இந்தக் குறி சில ஆண்டுகளுக்குள் அடக்கிவிடும். கை என்றால் ஏறக்குறைய 1590–92. வாள் என்றால் 1582-ஐ ஒட்டி. ஆண்டும் குறியும் ஒன்றுக்கொன்று பொருந்தாத காசு கிடைத்தால் மறுமுறை பார்க்க வேண்டும். படித்தது தவறாக இருக்கலாம், காசே தவறாக இருக்கவும் கூடும்.

பெயர், கேடயம், மொழி

எழுத்துகள் லத்தீனில், சுருக்கங்களாக இருக்கும். புதியவர்கள் ஜேம்ஸ் என்ற பெயரைத் தேடி ஏமாறுவார்கள். காசில் அவர் 'யாகோபஸ்'. சார்லஸ் 'கரோலஸ்', வில்லியம் 'குலியெல்மஸ்'. பெயரை அடுத்து 'இறையருளால் இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்தின் அரசி' என்ற பட்டம் வரும். பிரான்ஸ் என்ற சொல்லைப் பார்த்துப் பிரெஞ்சுக் காசு என்று முடிவு கட்ட வேண்டாம். 1340-ல் மூன்றாம் எட்வர்ட் கோரிய பிரெஞ்சு அரியணை உரிமையை, பிரான்சில் இருந்த கடைசித் துண்டு நிலமான கலேயை 1558-ல் இழந்த பிறகும் இங்கிலாந்து அரசர்கள் தம் பட்டத்திலிருந்து விடவில்லை.

எழுத்து தேய்ந்துவிட்டால் கேடயம் கைகொடுக்கும். எலிசபெத்தின் கேடயத்தில் பிரான்சின் அல்லி மலர்களும் இங்கிலாந்தின் சிங்கங்களும் மட்டுமே. 1603-ல் ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானதும் ஸ்காட்லாந்தின் சிங்கமும் அயர்லாந்தின் யாழும் சேர்ந்தன. ஆகவே இங்கிலாந்துக் காசின் கேடயத்தில் ஒரு யாழின் நிழல் தெரிந்தாலே அது 1603-க்குப் பிந்தியது. ஜேம்ஸ் காலத்திலிருந்து ஷில்லிங், ஆறு பென்ஸ் காசுகளில் தலைக்குப் பின்னால் ரோமன் எண்ணில் மதிப்பும் வந்துவிட்டதால், பூவுக்கு வேலை இல்லாமல் போனது.

முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூண்ட உள்நாட்டுப் போர், காசுகளிலேயே மிகவும் உருக்கமான ஒரு வகையைத் தந்தது. நாடாளுமன்றப் படை சூழ்ந்த நியூவார்க் நகருக்குள், அரசரின் வீரர்களுக்குக் கூலி கொடுக்க 1645, 1646-ல் வெள்ளித் தட்டுகளை வெட்டியே காசாக்கினார்கள். வட்டமாக வெட்டினால் வெள்ளி வீணாகும் என்பதால் அவை சாய்சதுர வடிவில் இருக்கின்றன. சிலவற்றில் பழைய தட்டின் வேலைப்பாடு இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

1649-ல் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. காசிலும் தலை மறைந்தது. அடுத்து வந்த குடியரசு லத்தீனையும் துறந்து, 'இங்கிலாந்தின் பொதுநல அரசு', 'கடவுள் எம்மோடு' என்று ஆங்கிலத்தில் எழுதியது. அதன் பின்பக்கத்தில் மேலே ஒட்டியிருக்கும் இரண்டு கேடயங்கள் பார்வைக்குக் கால்சட்டை போல இருந்ததால், மக்கள் அதைக் 'கால்சட்டைக் காசு' என்றே அழைத்தார்கள்.

எந்திரம் வந்த பிறகு

எந்திரக் காசு என்பது வரிவரியான விளிம்புள்ள காசு என்று பலர் நினைக்கிறார்கள். விளிம்பு அதன் விளைவுகளில் ஒன்று. பெயர் வந்தது, குதிரைகள் சுழற்றிய ஆலையிலும் திருகு அழுத்தியிலும் செய்ததால். பிரான்சிலிருந்து வந்த எலோய் மெஸ்ட்ரெல் 1561-லேயே எலிசபெத்துக்காக மிக அழகான எந்திரக் காசுகளை அடித்தார். ஆனால் வேலை மெதுவாக நடந்தது, கையால் அடித்த தொழிலாளரும் எதிர்த்தார்கள், எந்திரம் நின்றது. பின்னர் கள்ளக்காசு வழக்கில் சிக்கி 1578-ல் அவர் தூக்கிலிடப்பட்டார். எந்திரம் நிலைபெற மேலும் ஒரு நூற்றாண்டு ஆனது: இரண்டாம் சார்லஸின் ஆட்சியில், 1662-ல். பெரிய வெள்ளிக்காசுகளின் விளிம்பில் 'அணியும் அரணும்' என்ற பொருள்தரும் லத்தீன் சொற்களைப் பொறித்தார்கள். ஓரத்தைக் கத்தரித்தால் எழுத்து போய்விடும், திருட்டு தெரிந்துவிடும். அந்தச் சொற்கள் 1983-ல் வந்த ஒரு பவுண்டு நாணயத்தின் விளிம்பிலும் இருந்தன.

ஆனால் பழைய கையடிக் காசுகளை உடனே திரும்பப் பெறவில்லை. நல்ல எந்திரக் காசுகளை மக்கள் பதுக்கினார்கள் அல்லது உருக்கினார்கள். கத்தரித்த காசுகளே கைமாறின. 1695 வாக்கில் புழக்கத்திலிருந்த கையடிக் காசுகள் சராசரியாக ஏறத்தாழ பாதி எடையை இழந்திருந்தன. 1696-ல் மூன்றாம் வில்லியத்தின் அரசு எல்லாவற்றையும் திரும்பப் பெற்று உருக்கி அடித்தது. அந்த ஆண்டில்தான் ஐசக் நியூட்டன் அக்கசாலைப் பொறுப்புக்கு வந்தார். லண்டன் மட்டும் போதாமல் பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிடர், நாரிச், யார்க் ஆகிய நகரங்களிலும் காசு அடித்தார்கள். அவற்றில் அரசரின் மார்புருவத்துக்குக் கீழே இருக்கும் ஒற்றை எழுத்துதான் உண்மையாகவே ஊரின் குறி.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

பழமை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. எலிசபெத்தின் ஆறு பென்ஸ் பெருமளவில் அடிக்கப்பட்டு, பெருமளவில் எஞ்சியும் இருக்கிறது; சாதாரண நிலையில் உள்ளதைச் சம்பளக்காரர் ஒருவர் யோசித்து வாங்கிவிடலாம். எத்தனை எஞ்சின, எந்த நிலையில் உள்ளது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பவையே விலையைச் சொல்கின்றன.

போலியைப் பொறுத்தவரை ஒரே ஒரு சோதனையை அழுத்திச் சொல்வேன். ஒரே அச்சில் பிறந்த இரு காசுகளுக்கு உருவம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் வெளிவட்டத்தின் கோணல், விளிம்பு வெடிப்பு, கீறல் ஆகியவை ஒன்றாக இருக்க முடியாது, ஏனெனில் அவை ஒவ்வோர் அடியிலும் ஒவ்வொரு கையிலும் தனித்தனியே நேர்ந்தவை. இரண்டு காசுகளில் அவை அப்படியே ஒத்திருந்தால், இரண்டும் ஒரே வார்ப்பில் வந்தவை, தயங்காமல் விலகிவிடலாம்.

தேய்ப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பூஜைக்குரிய வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் துலக்கிப் பளபளக்க வைப்பது நம் வீட்டு வழக்கம். அந்தப் பழக்கத்தில் இந்தக் காசைத் தொடவே கூடாது. சாம்பல் நிறப் படலம் வெள்ளியின் மேல் மெல்ல வளர்ந்தது. அதைத் துலக்கும்போது தளர்ந்த அடியில் அரைகுறையாக எழுந்த எழுத்துகளும் சேர்ந்தே போகும். புதிதாக ஆர்வம் கொண்ட ஒருவர் பெருமையோடு நீட்டிய ஓர் ஒன்றரை பென்ஸ் காசை நான் பார்த்திருக்கிறேன். வாங்கிய அன்று அதில் தெரிந்த ஆண்டும் பூவும், துலக்கிய பிறகு தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை.

காசை அமிலமற்ற சிறு காகித உறையில் வைத்து, உறையின் மேல் எடை, தொடக்கக் குறி, படிக்க முடிந்த எழுத்துகள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவைக்கிறேன். விற்றவர் சொன்னால், மண்ணிலிருந்து எடுத்த ஊரையும் எழுதுவேன். இங்கிலாந்தில், 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிக்காசுகள் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்து மண்ணில் கிடைத்தால், 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி அறிவித்தாக வேண்டும். தனிக் காசுக்கு அந்தக் கட்டாயம் பொதுவாக இல்லை. ஆயினும் கண்டெடுத்தவர்கள் பலர் தாமாகவே பதிவு செய்கிறார்கள். என் 1571 உறையில் அந்த ஒரு வரி மட்டும் காலியாக இருக்கிறது. விற்றவரிடம் கேட்டேன், அவருக்கு விற்றவர் சொல்லவில்லையாம்.